ஏழு நாள் முகாமில் சுண்ணாம்பு அடிப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்? பாடத்தோடு சேர்ந்த ஊர்ப்பணிக்கு யோசனை தேவை (தர்மபுரி)

பிஓ_தர்மபுரி எழுதியது:

கலை அறிவியல் கல்லூரி. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு யூனிட், 100 மாணவர்கள். முகாமுக்கு 50 பேர் வருவார்கள். வேதியியல், வணிகவியல், தமிழ், கணினி அறிவியல் பிள்ளைகள்தான் அதிகம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, நடுவில் 7 நாள் சிறப்பு முகாம். இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அந்த 7 நாளில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும்: கோயில் வளாகம் கூட்டுவது, பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு, பதாகையோடு ஊர்வலம், மரக்கன்று, குழுப் புகைப்படம்.

யுஜிசி 2020 வழிகாட்டுதலில் சமூக ஈடுபாட்டுக்கு 2 கிரெடிட் பாடம் வைக்கச் சொல்லியிருக்கிறது. எங்கள் துறைத்தலைவர்கள் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: அந்தந்தத் துறைப் பாடத்தோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் முகாம். தத்தெடுத்த ஊராட்சியில் சுமார் 600 வீடுகள். என்னென்ன எடுக்கலாம்? எதை எடுக்கவே கூடாது?

பிப்பெட் எழுதியது:

தர்மபுரி என்றால் வேறு தேடவே வேண்டாம் சார். குடிநீரில் ஃபுளோரைடு. பாறை கிரானைட், நைஸ் வகை, மழையும் குறைவு, ஆழ்துளைக் கிணறு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் பாறையோடு கிடந்து ஊறியிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் மக்கள் எதைக் குடிக்கிறார்கள், மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரும் சேர்த்து ஏற்றப்படுகிறதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் ஊராட்சிக்கு அந்தப் பதில் யாரிடமும் தாளில் இருக்காது. மாணவர்கள் தரக்கூடியது அதுதான்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500:2012 எல்லைகளை முதலில் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஃபுளோரைடு 1.0 மி.கி./லி., மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. மொத்தக் கடினத்தன்மை 200, மாற்று இல்லாவிட்டால் 600. குளோரைடு 250, 1,000. கரைந்த திடப்பொருள் 500, 2,000. பிஎச் 6.5 முதல் 8.5.

60 மாதிரி போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஆய்வகத்தில் தேங்கிவிடும். எல்லா அடிபம்பு, எல்லா போர், எல்லா மேல்நிலைத் தொட்டி, ஒவ்வொரு தொட்டிக்கும் தெருக்கோடியில் கடைசிக் குழாய் ஒன்று, பள்ளி, அங்கன்வாடி, ஆர்.ஓ. தண்ணீர் விற்கும் இடம். தொட்டியில் மட்டும் எடுத்துவிட்டு வந்துதான் வழக்கமாகக் கோட்டைவிடுவார்கள். கலப்பு, குழாய்க் கசிவு எல்லாம் தெருக்கோடியில்தான் தெரியும்.

மாதிரி எடுக்கும் முறை:

ஃபுளோரைடுக்கு 1 லிட்டர் பிளாஸ்டிக் கேன். கண்ணாடி கூடாது, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். அடிபம்பை 5 நிமிடம் அடித்துக் கொட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும்; குழாய் என்றால் 2–3 நிமிடம் ஓடவிட வேண்டும். அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். மினரல் வாட்டர் பாட்டில் பரவாயில்லை, குளிர்பான பாட்டில் வேண்டாம்.

கடினத்தன்மைக்கு 50 மி.லி. மாதிரி, அம்மோனியா பஃபர், எரியோகுரோம் பிளாக் டி, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. ஒயின் சிவப்பு மறைந்து சுத்த நீலம் வரும்வரை. ஊதாவில் நிறுத்திவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். செலவான மி.லி.யை 20ஆல் பெருக்கினால் மி.கி./லி. கடினத்தன்மை 400 இருக்கும் ஊரில் ஒரு தரம்பார்த்தலுக்கு (டைட்ரேஷன்) 20 மி.லி. போகும், 60 மாதிரி, மூன்று தரம் என்றால் 3.6 லிட்டர். எனவே 4 லிட்டர் கரைசல், அதாவது சுமார் 15 கிராம் டைசோடியம் உப்பு (லிட்டருக்கு 3.723 கிராம்).

குளோரைடுக்குச் சில்வர் நைட்ரேட் வேண்டும். விலை தெரியுமல்லவா. 50 மி.லி. மாதிரி எடுத்து வீணாக்காதீர்கள். 10 மி.லி. எடுத்து, வாலைவடி நீர் சேர்த்து 50 ஆக்கி, பொட்டாசியம் குரோமேட் காட்டியோடு செய்யுங்கள். 0.0141 நார்மல் கரைசலென்றால் செலவான மி.லி. பெருக்கல் 50. மொத்த வேலைக்கும் 1 லிட்டர், அதாவது 2.4 கிராமில் முடிந்துவிடும்.

ஃபுளோரைடுக்கு ஸ்பாண்ட்ஸ் முறை: சாயத்தின் நிறம் எவ்வளவு வெளிறுகிறது என்று கலரிமீட்டரில் 570 நானோமீட்டரில் பார்ப்பது. இந்த முறை 1.4 மி.கி./லி. வரைதான் நேராகப் போகும். இதை மறந்தால் 2 உள்ள தண்ணீரும் 4 உள்ள தண்ணீரும் ஒரே அளவாகத் தெரியும். 1.2 தாண்டினாலே பாதிக்குப் பாதி வாலைவடி நீர் கலந்து திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் தாண்டினால் நாலில் ஒரு பங்கு. தரக் கரைசலும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பார்த்தால் தப்பாக வரும்.

10 மாதிரிக்கு ஒன்று என்ற கணக்கில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் கொடுத்துவிடுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் மற்ற 54 எண்ணுக்கும் மரியாதை.

மூன்றாமாண்டு எழுதியது:

எங்களிடம் கலரிமீட்டர் ஒன்றுதான், அதுவும் பாதி நாள் பழுது. டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள்) மீட்டர் 5 இருக்கிறது. டி.டி.எஸ். அதிகமாக உள்ள இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஃபுளோரைடு பார்த்தால் வேலை குறையாதா?

பிப்பெட் எழுதியது:

குறையும், ஆனால் தப்பான இடத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கால்சியம் அதிகமுள்ள தண்ணீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்காது, கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில்தான் அது ஏறும். அந்தத் தண்ணீர் குடிக்க நன்றாகவே இருக்கும், பருப்பும் வேகும், சோப்பும் நுரைக்கும். ஊரில் ‘நல்ல தண்ணி’ என்று பெயர் வாங்கிய போரையும் விடாமல் பாருங்கள்.

காய்ச்சினால் போய்விடுமா என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கலரிமீட்டர் இல்லையென்றால் வாரியத்தின் களப் பரிசோதனைப் பெட்டி ஊராட்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் முறை. 1க்குக் கீழா, 1.5க்கு மேலா என்று பிரிக்க உதவும், தசம எண் தராது. மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

ஊராட்சிமணி எழுதியது:

வேதியியல் எல்லாம் சரி. முடிவை என்ன செய்வீர்கள்? பெரும்பாலான கல்லூரிகளில் அது ஸ்பைரல் பைண்டிங் போட்டு நூலகத்தில் உறங்குகிறது. வேலையைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உங்கள் முகாம் டிசம்பரில். ஜனவரியில் ஆய்வகம், பிப்ரவரியில் மறுபரிசோதனை, மார்ச் முதல் வாரத்துக்குள் ஒற்றைத்தாள் அறிக்கை ஊராட்சிச் செயலர் கையில். கூட்ட அறிவிப்பு போவதற்குள் பொருள் நிரலில் ஏறிவிட வேண்டும். அன்று காலை போய்த் தாள் நீட்டினால் ‘இதர பொருள்’ என்று கடைசியில் வைப்பார்கள், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது: அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். வெளியூர் மாணவர் தீர்மானம் கொண்டுவர முடியாது. ஊர்க்காரர் ஒருவர் எழுந்து படிக்க வேண்டும். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா, எண் என்ன என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கூட்டம் செல்லக் குறைவெண் வரம்பும் (கோரம்) உண்டு: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

தீர்மானத்தில் ‘நல்ல குடிநீர் வழங்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். அதை யாரும் நிறைவேற்ற முடியாது. ‘இன்ன தெருவில் உள்ள இன்ன எண் அடிபம்பில் ஃபுளோரைடு இவ்வளவு, அதில் குடிக்க வேண்டாம், பாத்திரம் கழுவலாம் என்று பலகை எழுத வேண்டும், அங்கன்வாடிக்கு ஒகேனக்கல் குழாய் இணைப்புத் தர வேண்டும்’ என்று எழுதினால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கோப்பு நகரும்.

அனுமதியில் முதலில் பிடிஓவுக்குக் கல்லூரி முதல்வர் கடிதம், நகல் ஊராட்சிக்கு. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சி என்றால் அவர் பெயருக்கே எழுதுங்கள். அதற்கடுத்து, தாளில் இல்லாவிட்டாலும் மிக முக்கியமானவர், டேங்க் ஆபரேட்டர். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எந்த நாளில் எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைப் பிடிக்க வந்த ஆய்வு என்று நினைத்துவிட்டால் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

பிப்பெட் எழுதியது:

> மார்ச் முதல் வாரத்துக்குள் ஒற்றைத்தாள் அறிக்கை

இங்கே எனக்கு மாற்றுக் கருத்து. ஜனவரியில் தெரிந்ததை மார்ச் வரை மறைத்து வைப்பதா? அங்கன்வாடிப் பிள்ளைகள் அதுவரை அதையே குடிக்க வேண்டுமா?

ஊராட்சிமணி எழுதியது:

மறைக்கச் சொல்லவில்லை. மறுபரிசோதனை முடியாத எண்ணை ஊர் வாட்சப் குழுவில் போடக் கூடாது என்கிறேன். ஒரு படம் போனால் போதும், மறுநாளே கேன் தண்ணீர்க்காரர் வீட்டுக்கு வீடு வருவார், காசில்லாத வீடு அதே பம்பில்தான் பிடிக்கும். அதோடு எண் தப்பென்று வாரிய ஆய்வகம் சொல்லிவிட்டால் அடுத்த ஐந்து வருடத்துக்கு உங்கள் கல்லூரிப் பேச்சு அங்கே எடுபடாது.

பிப்பெட் எழுதியது:

சரி, பிரித்துவிடுவோம். ஃபுளோரைடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து செய்யும் கெடுதி. மறுபரிசோதனைக்கு இரண்டு வாரம் பொறுக்கலாம், மார்ச் வரை அல்ல. உறுதியானதும் பள்ளி, அங்கன்வாடிக்கு மட்டும் உடனே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

கிருமி அப்படியல்ல. அது அன்றைக்கே சொல்ல வேண்டியது. எச்-டூ-எஸ் குப்பியில் (கிருமி இருந்தால் கறுக்கும் சோதனைக் குப்பி) கோட்டுவரை தண்ணீர் ஊற்றி, 30–37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம். கறுத்தால் மலக்கழிவுக் கலப்புக்கு வாய்ப்பு. தர்மபுரியில் டிசம்பர் இரவு குளிரும். வெறும் அறையில் வைத்தால் கறுக்க வேண்டியதும் கறுக்காது. இன்குபேட்டர் இல்லையேல் தெர்மாகோல் பெட்டியில் வெந்நீர் பாட்டிலோடு வைத்து, வெப்பமானி ஒன்று செருகிப் பாருங்கள். கிருமி மாதிரிக்குக் குப்பியை அலசவே கூடாது, மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது. ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் ஐஸில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடலாம்.

கறுத்த தொட்டிக்கு அன்றே ஆபரேட்டரிடம் சொல்லிக் குளோரின். 33 சதவீதப் புதுப் பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் திறந்து, கடைசிக் குழாயில் 0.2 மி.கி./லி. மிச்சக் குளோரின் இருக்கிறதா பார்ப்பது மாணவர் வேலை. மூட்டை வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பவுடருக்கு இந்தக் கணக்கு பலிக்காது, வீரியம் போயிருக்கும். தொட்டி மேல் மாணவர் யாரும் ஏறக் கூடாது. ஏணி துருப்பிடித்திருக்கும், கீழே பிடிக்க ஆளும் இருக்காது.

ஊராட்சிமணி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு வாரம் என்பதை எழுதி வைத்துவிடுங்கள்.

பேரேடு எழுதியது:

வணிகவியல் பிள்ளைகளுக்கு: மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் தொடங்கியதே 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. உங்கள் ஊராட்சியிலும் குறைந்தது பத்துக் குழுவாவது இருக்கும்.

ஒரு குழுவுக்கு இரண்டு மாணவர், இரண்டு அமர்வு, தலா 2 மணி நேரம். பகலில் போகாதீர்கள், வேலைக்குப் போயிருப்பார்கள். குழுக் கூட்டம் நடக்கும் மாலையிலேயே போய் உட்காருங்கள். பார்க்க வேண்டியவை தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு, ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, உறுப்பினர் பாஸ்புத்தகம், வங்கிப் பாஸ்புத்தகம். கடைசி 12 மாதத்துக்கு வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் (குழுப் புத்தகமும் வங்கிப் பாஸ்புத்தகமும் எங்கே வேறுபடுகின்றன என்ற பட்டியல்) போடுவது முதல் வேலை. இரண்டாமாண்டுப் பாடத்தில் படித்ததுதான், ஆனால் இங்கே எதிரே ஆள் உட்கார்ந்திருப்பார்.

வழக்கமாக எங்கே உதைக்கும் என்றால்: வங்கி வரவு வைத்த வட்டி குழுப் புத்தகத்தில் ஏறியிருக்காது. கடனில் பிடித்த காப்பீட்டுத் தொகை எழுதப்படாமல், கையில் வந்த தொகையே கடன் என்று இருக்கும். திருப்பிக் கட்டியதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாகப் போட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் அதிகம், அதனால்தான் கடைசியில் ‘இன்னும் எவ்வளவு பாக்கி’ என்று சண்டை வரும்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. குழுவுக்கு வெளியே தனியார் நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு உண்மையான வட்டி என்ன என்று காட்டுவது. ரூ.50,000 கடன், 12 சதவீத ‘ஃபிளாட்’ வட்டி (கட்டக் கட்டக் குறையாமல் முழுக் கடனுக்கும் போடுவது), 24 மாதம். வட்டி 12,000, மாதத் தவணை ரூ.2,583. அதே 12 சதவீதம் குறையும் நிலுவையில் என்றால் தவணை ரூ.2,354, மொத்த வட்டி ரூ.6,488தான். ஃபிளாட்டில் 12 என்பது குறையும் நிலுவைக் கணக்கில் கிட்டத்தட்ட 21.5 சதவீதம். இந்த ஒரு அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, ரூ.10,000, 30,000, 50,000க்கு மூன்று பத்தி போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். யாரிடம் வாங்கினார்கள் என்று கேட்டு எழுத வேண்டாம்.

செய்யக் கூடாதது: அசல் பதிவேட்டில் மாணவர் பேனா படக்கூடாது. தனித்தாளில் போட்டு, ஊக்குநர், பிரதிநிதி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள், அவர்களே திருத்தட்டும். பணம் குறைகிறது என்று தெரிந்தால் கூட்டத்தில் சொல்லாதீர்கள். நூற்றில் பாதி எழுத்துப்பிழையாகத்தான் இருக்கும். அதற்குள் ஒரு பெண்ணின் பெயர் ஊரில் கெட்டுப்போகும்.

கிராம சபையில் தண்ணீர் அறிக்கையைப் படிக்க ஊர்க்காரர் வேண்டும் என்று ஊராட்சிமணி சொன்னாரே, அந்த ஆள் இங்கேதான் கிடைப்பார். கணக்கு சரிசெய்து கொடுத்த குழு, தண்ணீர்த் தாளையும் கையில் வாங்கும்.

செவிநூல் எழுதியது:

தமிழ்த்துறைக்கு இரண்டு.

ஒன்று, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பது. இதை ‘யாராவது வாங்க’ என்று தேர்வுக்கு முந்தின இரவு வாட்சப்பில் கேட்கும் வேலையாக வைத்திருக்கிறோம், அதுதான் கோளாறு. எழுதுபவருக்கும் அதே வாரம் செமஸ்டர் தேர்வு இருக்கும். காலையில் வர முடியாது என்பார். தேர்வருக்கு ஒரு ஆண்டு போய்விடும். ஒரு தேர்வருக்கு ஒருவர், மாற்றாக இருவர் என்று அட்டவணை போட்டு, இருவர் தேர்வுத் தேதிகளையும் பக்கத்தில் எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எழுதுபவரின் கல்வித்தகுதி என்னவாக இருக்க வேண்டும், தேர்வரே அழைத்து வரலாமா, நடத்துபவர்தான் தருவாரா என்பதெல்லாம் தேர்வுக்குத் தேர்வு மாறும். அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள். மத்திய வழிகாட்டுதலில் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம்.

பயிற்சி கட்டாயம். தேர்வரோடு முன்கூட்டியே ஒரு மணி நேரம் பழைய வினாத்தாளை எழுதிப் பார்க்க வேண்டும். முழுத்தாளையும் மதிப்பெண்ணோடு ஒருமுறை படித்துக் காட்டி, எதை முதலில் எழுதுவது என்று அவரை முடிவெடுக்கவிடுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். விடை தப்பென்று தெரிந்தாலும் முகத்திலும் குரலிலும் காட்டக்கூடாது. ஒவ்வொரு விடை முடிந்ததும் கடைசி வரியை வாசித்துக் காட்டி, மீதி நேரம் சொல்லுங்கள்.

இரண்டு, இணையத்தில் கட்டற்ற நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு. நாட்டுடைமை நூல்கள் அங்கே படமாக ஏற்றப்பட்டு, எழுத்துணரி வழியாக உரையாகியிருக்கின்றன. ‘ன’வும் ‘ண’வும், காலும் ‘ர’வும் குழம்பிக் கிடக்கும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, அதனால் இருவர் இருவராகப் பிரிப்பது வசதி. திருத்திய உரையைத் திரைவாசிப்பான் படிக்கும், படத்தைப் படிக்காது. யார் எந்தப் பக்கம் செய்தார் என்ற வரலாறு தானாகப் பதிவதால், மணி நேரக் கணக்குக்கும் பொய் சொல்ல முடியாது.

மாணவர்கள் செய்யும் பிழை: பழைய நடையை இன்றைய நடைக்கு ‘திருத்தி’ விடுவது. மூலத்தில் ‘அபிவிர்த்தி’ என்றிருந்தால் அப்படியேதான் இருக்க வேண்டும்.

மூன்றாமாண்டு எழுதியது:

பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து யூடியூபில் போடலாமா? எல்லாருக்கும் பயன்படுமே.

செவிநூல் எழுதியது:

பதிவு செய்யலாம், யூடியூபில் போடக் கூடாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வடிவ மாற்றத்துக்கு விலக்கு இருக்கிறது. அது அவர்கள் பயன்பாட்டுக்கு மட்டும். பொதுவெளியில் வைத்தால் விலக்கு செல்லாது. பதிவில் பக்க எண்ணையும் சொல்லுங்கள், ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு, கோப்புப் பெயரில் பருவம், தாள், அலகு. பின்னணி இசை போடுகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள், தயவுசெய்து.

ரூட்_யூசர் எழுதியது:

கணினி அறிவியல் பிள்ளைகளை ஊருக்கு இணையதளம் செய்ய விடாதீர்கள். ஆறு மாதத்தில் டொமைன் காலாவதியாகும், யாரும் புதுப்பிக்க மாட்டார்கள். இரண்டு வேலை கொடுக்கலாம்.

பிப்பெட்டின் 60 மாதிரிக்குப் படிவமும் வரைபடமும். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு எண், இடக்குறி, படம், ஆழம், அளவீடுகள். போனில் இடத்துல்லியம் 10 மீட்டருக்குள் வரும்வரை காத்திருந்து பதியச் சொல்லுங்கள். இல்லையேல் இரண்டு பம்பு ஒரே புள்ளியில் விழும். சிக்னல் இல்லாத இடத்திலும் சேமிக்கும் செயலி வேண்டும். கடைசியில் ஊராட்சிக்குத் தருவது அச்சிட்ட ஏ3 தாளும் எக்செல் கோப்பும், அவ்வளவுதான்.

இன்னொன்று, பணமோசடி பற்றிய போன் பயிற்சி. மேடைப் பேச்சு வேண்டாம், நான்கு பேருக்கு ஒரு மாணவர். பணம் போனால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மணி நேரம் தாண்டத் தாண்டப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். மாணவர் யாருடைய ஓடிபியையும் கேட்கக் கூடாது, ஆதார் நகலைத் தன் போனில் படம் எடுக்கக் கூடாது. உதவி மையம் போட்டு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இடங்களில் இதுதான் முதலில் மீறப்படுகிறது.

கண்காணி எழுதியது:

எடுக்கக் கூடாதவை என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகளின் கறை படிந்த பல்லைப் படம் எடுப்பது. ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து வரும் பாதிப்பு) என்று மாணவர் முடிவு சொல்லக் கூடாது, அது பல் மருத்துவர் வேலை. அந்தப் படம் பத்தாண்டு கழித்தும் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும்.

நீரிலிருந்து ஃபுளோரைடு நீக்கப் படிகாரம், சுண்ணாம்பு போட்டுக் காட்டுவதும் வேண்டாம். ஆய்வகத்தில் காட்டலாம். அளவு தப்பினால் அலுமினியம் மிச்சம் நிற்கும், கசடை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது.

600 வீட்டிலும் 8 பக்கக் கேள்வித்தாளும் வேண்டாம். கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் உள்ள கல்லூரி என்றால் வீட்டுக் கணக்கெடுப்பு ஏற்கெனவே இருக்கும், அதை வாங்கிப் பாருங்கள். ‘போன வருசமும் எழுதிட்டுப் போனாங்க’ என்ற பதிலுக்குப் பிறகு வரும் விடை எதுவும் உண்மையாக இருக்காது. தண்ணீருக்கு ஐந்து கேள்வி போதும்: குடிக்க எது, சமைக்க எது, வராத நாளில் எது, எத்தனை குடம், யார் எடுக்கிறார்.

மரக்கன்று நட்டே ஆக வேண்டுமென்றால் 200 வேண்டாம், 20 நடுங்கள். கூண்டு, இரண்டு கோடை தண்ணீர் ஊற்றப் பெயர் சொல்லி ஒரு ஆள். இரத்ததானம் ஒருநாள் வைத்துக்கொள்ளலாம்; 18 வயது, 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. மாணவியர் பலர் ஹீமோகுளோபினில் திரும்பிவிடுவார்கள், அதை அவமானமாக ஆக்காமல் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

மாணவியர் தங்கும் இடத்தில் கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் அகற்ற மூடியுள்ள வாளி. இதை முகாமுக்கு ஒரு வாரம் முன்பே பெண் ஆசிரியர் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குழுக் கூட்டம் மாலையில் என்றால் திரும்ப வண்டி உண்டா என்பதும் அதோடு சேர்த்து.

பிஓ_தர்மபுரி எழுதியது:

நன்றி. 50 பேரை இப்படிப் பிரித்தேன்: தண்ணீர் 20, குழுக் கணக்கு 20, வரைபடமும் போன் பயிற்சியும் 10. விக்கிமூலமும் தேர்வு எழுதுவதும் முகாமுக்கு வெளியே, ஆண்டு முழுக்க, முகாமுக்கு வராத 50 பேருக்கு. மரக்கன்று இந்த ஆண்டு இல்லை. முதல்வரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? ‘சேவை செய்ததில் மனநிறைவு’ என்று ஐந்து பக்கம் எழுதி வருகிறார்கள்.

பேரேடு எழுதியது:

அந்தக் கட்டுரையை எடுத்துவிடுங்கள். களக்குறிப்பேட்டில் நாளுக்கு அரைப் பக்கம்: இன்று அளந்தது அல்லது சரிபார்த்தது என்ன, பாடத்தில் படித்ததோடு எங்கே பொருந்தவில்லை, நாளை யாரிடம் என்ன கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பெண். சரிக்கட்டுப் பட்டியல் ரூ.340 வித்தியாசத்தில் நிற்கிறது, காப்பீடு என்று சந்தேகம் என எழுதியவருக்கு முழு மதிப்பெண். எல்லாம் சரியாக வந்தது என்று எழுதியவரைக் கூப்பிட்டு விசாரியுங்கள்.

120 மணி நேரத்தில் முகாமுக்கு முந்தைய பயிற்சிக்கு 12 மணியாவது ஒதுக்குங்கள்: கல்லூரிக் குழாய்த் தண்ணீரிலேயே மூன்று தரம்பார்த்தல், மாதிரிப் பதிவேட்டில் ஒரு சரிக்கட்டு. முகாமுக்குப் பிறகு ஆய்வகத்துக்கும் ஒற்றைத்தாளுக்கும் இன்னொரு 30. அதை விட்டால் மார்ச்சில் ஆளே இருக்க மாட்டார்கள். இறுதியாண்டு மாணவரைத் தாள் எழுதும் பொறுப்பில் போடாதீர்கள், ஏப்ரல் தேர்வு அவர்களை விழுங்கிவிடும்.

மூன்றாமாண்டு எழுதியது:

கேனில் மார்க்கரில் எழுதினால் ஐஸில் அழிந்துவிடுகிறது. என்ன செய்வது?

பிப்பெட் எழுதியது:

மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறும். கேன் உடம்பில் மெடிக்கல் டேப் ஒட்டிப் பென்சிலால் எழுதி, மேலே செல்லோடேப். எண், தேதி, நேரம், எடுத்தவர் பெயரின் முதலெழுத்து, அவ்வளவு போதும். இடத்தின் பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும். ஆய்வகத்தில் தரம் பார்ப்பவருக்கு எந்தத் தெருத் தண்ணீர் என்று தெரியாமல் இருப்பதே நல்லது. இரண்டு கேனில் வாலைவடி நீரை ஊற்றி எண் போட்டு நடுவில் வைத்துவிடுங்கள் சார், யாரிடமும் சொல்லாமல். அதில் கடினத்தன்மை 180 என்று எழுதி வந்தால் யாரை மறுபடி உட்காரவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.